சிவப்புக் கோடு

பிரிண்டர் கிறீச்சிட்டு நின்றதும் சங்கீதா தாளை இழுத்து, இரண்டு ஓரத்திலும் இருந்த துளைப் பட்டையைக் கிழித்தாள். அதைக் கிழிப்பதற்கும் ஒரு பக்குவம் வேண்டும். அவசரப்பட்டால் எழுத்தும் சேர்ந்து கிழிந்து வரும். பழைய பத்திரிகைகள் கிடந்த அறையைக் காலி செய்துதான் கல்லூரி நூலகத்தில் நாலு கம்ப்யூட்டர் போட்டிருந்தார்கள். வெளியே வராந்தாவில் பிளாப்பியும் கையுமாகப் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். ப்ராஜெக்ட் கொடுக்க அதுதான் கடைசி வாரம்.

"அக்கா, எம் பிளாப்பி தொறக்கவே மாட்டேங்குது."

"தயிர்சோத்துக்கு அடியில வச்சுக் கொண்டாந்தா எப்படித் தொறக்கும்? குடு, இன்னொரு மிஷின்ல போட்டுப் பாக்கறேன்."

அவளும் இதே கல்லூரியில் பி.ஏ. படித்தவள்தான். கொல்லிமலையில் சோளக்காட்டுக்கு அந்தப் பக்கம், எடப்புளி நாடு என்ற ஊரில் வீடு. விடியற்காலை பஸ்ஸில் அடிவாரத்துக்கு இறங்கி வந்து, சாயங்காலம் கடைசி பஸ்ஸில் ஏறிப் போவாள். கொண்டை ஊசி வளைவுகளில் இன்னமும் அவளுக்கு வயிற்றைப் புரட்டும். புடவைத் தலைப்பில் ஓர் எலுமிச்சம்பழம் எப்போதும் முடிந்திருக்கும். கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து இந்த அறையை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள், தினக்கூலிக்கு. லீவு விட்டால் கூலியும் கிடையாது.

நூலகர் அருணாசலம் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்புறம் உட்கார்ந்திருப்பார். தங்கமான மனிதர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பிள்ளைகளை அதட்டமாட்டார். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதம். டைப் அடிக்கும்போது திரையில் எந்தச் சொல்லுக்கு அடியிலாவது சிவப்பாக நெளிநெளியாக ஒரு கோடு வந்தால், அது போகாமல் பிரிண்ட் கொடுக்கக்கூடாது.

"செவப்பு வந்தா தப்புன்னு அர்த்தம். மிஷினுக்குத் தெரியாத இங்கிலீசா நமக்குத் தெரிஞ்சிரப் போகுது?" என்பார். ஆள் பெயர், ஊர்ப் பெயர்களுக்கு வந்தால் விட்டுவிடலாம். மற்றதையெல்லாம் மிஷின் சொல்கிறபடி மாற்ற வேண்டும். சங்கீதா இந்த விதியைப் பிள்ளைகளுக்கு ஒப்பித்து ஒப்பித்து, கனவில்கூட அவளுக்குச் சிவப்புக் கோடு வந்தது.

அந்த வருஷம்தான் அவள் உட்கார்ந்திருந்த அந்த நாற்காலிக்கே நிரந்தரப் பணியிடம் வந்தது. எஸ்.டி.க்கு ஒதுக்கிய இடம். செய்தி கேட்ட அன்று அப்பா மாதேஸ்வரன் மிளகுக் கொடிக்கு வைத்திருந்த ஏணியிலிருந்து இறங்காமலேயே சிரித்தார்.

"மலையாளின்னு சர்டிபிகேட் வாங்க அந்த ஆபீசுக்கு நடந்த நடைக்கு இப்பத்தான் கண்ணு பலன் வந்திருக்குது" என்றார். மலைக்காரர்களான அவர்கள் சாதிக்கு மலையாளி என்று பேர். கேரளத்துக்கும் அந்தப் பேருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவர்கள் வாயில் தமிழைத் தவிர வேறொன்றும் வராது.

விண்ணப்பத்தை இங்கிலீஷில் டைப் அடித்துக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். கடைசி நாள்வரை அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. ஊரான் வீட்டு ப்ராஜெக்ட்டையெல்லாம் அடித்துக் கொடுத்துவிட்டு, பிள்ளைகள் போன பிறகு, தன்னுடையதை அடித்து முடித்தாள். மழை இருட்டிக்கொண்டு வந்தது. யு.பி.எஸ். கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது.

அருணாசலம் எழுந்து வந்து பார்த்தார். "ஏம்மா, இத்தன செவப்பா இருக்குது?"

"எல்லாம் பேருங்க சார். அப்பா பேரு, ஊர்ப் பேரு..."

"நீ எந்திரி. உனக்கு பஸ்ஸு போயிரும். நான் பாத்துத் தாரேன், நீ கவர எடுத்து வையி."

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு கோடாக நீக்கிக்கொண்டே வந்தார். பிரிண்டர் ஓடியது. சங்கீதா பட்டையைக் கிழித்தாள், அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள், ஓடிப்போய் ஆபீசில் கொடுத்துவிட்டு பஸ்ஸைப் பிடித்தாள். அடுத்தவர் தாளில் ஒற்றை எழுத்துப் பிசகையும் கண்டுபிடிக்கிறவள், தன் தாளைப் படித்துப் பார்க்கவில்லை. சார் பார்த்த பிறகு அவள் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

நேர்முகத்துக்கு அப்பாவும் வந்தார். வெளுத்த வேட்டி கட்டியிருந்தார். ஒரு பை நிறையக் கொய்யாப்பழம் கொண்டுவந்து, யாருக்குக் கொடுப்பதென்று தெரியாமல் வேப்பமரத்தடியில் வைத்துக்கொண்டு நின்றார்.

உள்ளே மேசைக்குப் பின்னால் கல்லூரிச் செயலாளர் இருந்தார். பக்கத்தில் வெளியூரிலிருந்து வந்த அதிகாரி. ஓரத்தில் அருணாசலம். நூலகப் பொறுப்பாளர் என்ற முறையில் அவருக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள்.

அதிகாரி தாளைப் புரட்டினார். "கேரளாவுல எந்த ஊரும்மா?"

அவளுக்குப் புரியவில்லை. "கொல்லிமலைங்க சார்."

"கம்யூனிட்டி, ஹிந்து மலையாளம்னு போட்டிருக்கியே?"

தாளைத் திருப்பிக் காட்டினார். மலையாளி என்று அவள் அடித்திருந்த இடத்தில் மலையாளம் என்று இருந்தது. ஓரிடத்தில் இல்லை, அந்தச் சொல் வந்த எல்லா இடத்திலும்.

"அது மலையாளிங்க சார். எங்க சாதிப் பேருங்க. சர்டிபிகேட்ல சரியா இருக்குதுங்க, பாருங்க."

"சர்டிபிகேட்ல ஒண்ணு, நீ கையெழுத்துப் போட்டதுல ஒண்ணு. எது பொய்?"

"பொய் இல்லீங்க. மிஷினு மாத்திப் போட்டுருச்சுங்க."

செயலாளர் சிரித்தார். "கம்ப்யூட்டர் வேலைக்கு வந்துட்டு கம்ப்யூட்டர் மேலயே பழியப் போடறியே அம்மிணி."

சங்கீதா அருணாசலத்தைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். நான்தான் திருத்தினேன் என்று சொன்னால் தீர்ந்துவிடும். அவர் பேனா மூடியைக் கழற்றி, மறுபடி மாட்டினார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். வேப்பமரத்தடியில் மாதேஸ்வரன் நிற்பது அங்கிருந்து நன்றாகத் தெரியும்.

அவள் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் கம்ப்யூட்டர் அறைக்குள் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து முதன்முதலில் கீபோர்டைத் தொடச் சொன்னவர் அவர். பெரிய மனிதர்களுக்கு முன்னால் அவரைக் காட்டிக்கொடுக்க வாய் வரவில்லை. அவராகச் சொல்லுவார் என்று கடைசிவரை நம்பினாள்.

எஸ்.டி.யில் தகுதியான ஆள் கிடைக்கவில்லை என்று முடிவு எழுதினார்கள். இடத்தைக் காலியாக விட முடியாதாம். தற்காலிகமாகச் செயலாளரின் அக்கா மகள் சுஜிதாவைப் போட்டார்கள். தற்காலிகம் என்றால் அவர்கள் ஊரில் எவ்வளவு காலம் என்று எல்லோருக்கும் தெரியும்.

அன்று சாயங்காலம் அருணாசலம் அவளை அலமாரிகளுக்கு நடுவே கூப்பிட்டார்.

"நான் வாயத் தொறந்திருந்தா எம் மேல மெமோ வந்திருக்கும் கண்ணு. ரிட்டையராகப் போற நேரம். பென்சன நிறுத்திப்புட்டானுகன்னா நான் எங்க போறது? நீ சின்னப் பொண்ணு, இன்னொரு எடம் வராமயா போயிரும்?"

"எங்க அப்பா இன்னும் மரத்தடியிலயே நிக்கறாருங்க சார்" என்றாள் சங்கீதா. "என்னன்னு சொல்லட்டும்?"

அவர் அலமாரியில் சாய்ந்திருந்த ஒரு புத்தகத்தை நிமிர்த்தி வைத்தார்.

சாதிப் பேரில் தப்பு என்றார்கள் என்று மட்டும்தான் அப்பாவிடம் சொன்னாள். பஸ்ஸில் போகும்போது அவர் கேட்டார். "நம்ம பேரு அதுதான கண்ணு, அதுல என்ன தப்பு கண்டாங்களாம்?" அவள் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். கொய்யாப்பழத்தைப் பக்கத்து சீட்டுக் குழந்தைகளுக்கு அவர் எடுத்துக் கொடுப்பது காதில் விழுந்தது.

மாதக் கடைசிவரை வந்து சுஜிதாவுக்கு வேலை சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். தராமல் நின்றிருந்த கூலி பாக்கியும் மாதக் கடைசியில்தான் வரும் என்றதால் வந்தாள். சுஜிதா கெட்ட பெண் இல்லை. அக்கா அக்கா என்று சுற்றிவந்தாள். ரிப்பன் மாற்றவும், தாள் சிக்கிக்கொண்டால் எடுக்கவும், பட்டையைக் கிழிக்கவும் சங்கீதா ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லிக்கொடுத்தாள்.

கடைசி நாள், ஸ்காலர்ஷிப்புக்காக விடுதிப் பிள்ளைகளின் பட்டியல் வந்தது. பாதிப்பேர் மலைப் பிள்ளைகள். திருப்புலி நாடு, எடப்புளி நாடு என்று அவளுக்குத் தெரிந்த ஊர்கள். சுஜிதா அடித்து முடித்தாள். திரையில் மேலிருந்து கீழ்வரை ஒரே சொல்லுக்கு அடியில் வரிசையாகச் சிவப்புக் கோடு நெளிந்தது.

"அக்கா, மலையாளம்னு மாத்தச் சொல்லுதுக்கா. எல்லாத்தையும் ஒரே தட்டுல மாத்திரட்டுமா?"

சங்கீதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடி இறுகியதில் சுஜிதாவின் வளையல் கையில் அழுந்தியது.

"மாத்தாத. அப்படியே பிரிண்ட் குடு."

"செவப்போட குடுக்கக் கூடாதுன்னு சார் சொல்லியிருக்காரேக்கா?"

"குடு."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்புறம் அருணாசலம் தலையைத் தூக்கினார். பிறகு குனிந்துகொண்டார். பிரிண்டர் கிறீச்சிட்டு ஓடி நின்றது. சுஜிதா தாளை இழுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மேலும் கீழும் தேடினாள்.

"செவப்புக் கோட்டயே காணமேக்கா. கறுப்பு ரிப்பனுங்கறதாலயா?"

"எந்த ரிப்பன் போட்டாலும் வராது. அது திரையில மட்டுந்தான்."

"பேப்பர்ல எப்பவுமே வராதா? அப்புறம் எதுக்குக்கா மாத்தணும்?"

சங்கீதா தாளை வாங்கிக்கொண்டாள். வெள்ளைத் தாளில் பிள்ளைகளின் பெயர்கள் இருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் நேராக, அடியில் எந்தக் கோடும் இல்லாமல், மலையாளி, மலையாளி என்று இருந்தது. அவள் இரண்டு ஓரத்துப் பட்டையையும் எழுத்து கிழியாமல் கிழித்து, தாளை அருணாசலத்தின் மேசையில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பையை எடுத்துக்கொண்டாள்.