நகராத அறுபத்தாறு காசு

என் தலையெழுத்து, ஞாயிற்றுக்கிழமையும் மல்லசமுத்திரம் பஸ்ஸில்தான் விடிகிறது. அங்கே போர்வெல் முதலாளி தண்டாயுதபாணிக்கு ஆபீஸ். அவருடைய ரிக் வண்டிகள் கென்யாவில் ஓடுகின்றன. கென்யா ஷில்லிங் இன்று நம் காசில் எவ்வளவு என்று காட்டும் ஆப்பை எழுதிக் கொடுத்த பாவத்துக்கு, எது நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்.

"ஏனம்மணி மஞ்சுளா, ரேட்டு அறுபத்தாறு காசுலயே நிக்குது. அசைய மாட்டேங்குதே?"

ஷில்லிங் எழுபது காசைத் தொட்டால்தான் அங்குள்ள பணத்தை ஊருக்கு அனுப்புவேன் என்பது அவர் பிடிவாதம். அது வந்தால்தான் ரிக்கில் வேலை செய்பவர்களின் வீடுகளுக்குச் சம்பளம்.

ஆபீஸில் கணக்கு எழுதும் பிரபா டீ கொண்டுவந்தாள். அவள் வீட்டுக்காரர் முருகானந்தம் கென்யாவில் முதலாளியின் ரிக்கில் டிரில்லர். அவள் கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறு. தாலிக்கொடி அடகுக்கடையில் இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் மீட்காவிட்டால் ஏலம்.

"அவருக்கு ரெண்டு மாசச் சம்பளம் நிக்குதுங்க்கா. அது வந்தா திருப்பிருவேன்," என்றாள்.

லேப்டாப்பைத் திறந்தேன். ரேட்டை நெட்டிலிருந்து எடுத்து வர, யாரோ எழுதிப் பொதுவில் வைத்த நிரல் தொகுப்பை, லைப்ரரி என்பார்களே, அதைத்தான் ஆப்பில் சேர்த்திருந்தேன். ரேட் கொடுப்பவர்கள் இலவசமாக மாதத்துக்கு இத்தனை முறைதான் பதில் சொல்வார்கள். இந்த மாதக் கணக்கு முன்னமே தீர்ந்துவிட்டது. அதன் பிறகு இந்தச் சனியன் பிடித்த லைப்ரரி, கடைசியாக வந்த பழைய ரேட்டையே புதுசு மாதிரி காட்டிக்கொண்டிருக்கிறது. தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தால் என்னவாம்? தேதியைச் சரிபார்க்காமல் விட்ட என்னையும் சேர்த்துத்தான் திட்டிக்கொண்டேன்.

யார் அத்தனை முறை கேட்டது என்று பார்த்தேன். முக்கால்வாசி பிரபாவின் போனிலிருந்து.

உண்மையான ரேட்டைத் தேடிப் பார்த்தேன். போன வாரம் எழுபதைத் தொட்டு, இரண்டு நாள் நின்று, இறங்கிவிட்டிருந்தது.

முதலாளியிடம் சொன்னேன்.

"அடக் கெரகமே!" என்று நெற்றியைத் தேய்த்தார். "சரி போச்சாது, உடு. மறுபடியும் ஏறாமயா போயிரும்? அப்ப அனுப்பிக்கலாம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏனுங்ணா, எழுபது வந்ததைக் காட்டாதது நான் எழுதுன ஆப்பு. அதுக்கு இந்தப் புள்ளை எதுக்குங்க காத்துக் கெடக்கோணும்? கையில இருக்கறதுல சம்பளத்தைக் குடுத்துருங்க."

"யாவாரம்னா நாலும் இருக்கும் அம்மணி," என்று கார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சலித்துப்போய் உட்கார்ந்து ஆப்பைத் திருத்தினேன். பணம் கட்டிக் கேட்கும் சேவைக்கு மாற்றி, ரேட்டுக்குக் கீழே தேதியும் தெரியும்படி செய்தேன். பிரபா பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏனுங்க்கா, அடுப்படியில, பஸ்ஸுல, படுக்கப் போறப்பன்னு நாந்தானுங்க அமுக்கி அமுக்கிப் பாத்துட்டே இருந்தேன். அதுல ஏதாச்சும் கெட்டுப்போச்சுங்களா?"

"அதெல்லாம் இல்ல சாமி. லைப்ரரி கோளாறு."

பெருமூச்சு விட்டுப் போனை எடுத்து அமுக்கினாள். அறுபத்தைந்து என்று வந்தது. கீழே இன்றைய தேதி. அவள் முகம் மலர்ந்தது.

"நகருதுங்க்கா!" என்று என்னிடம் நீட்டினாள். "வெள்ளிக்கெழமைக்குள்ள ஏறிருமுங்களா?"