வாஞ்சூர் சாவடியில் ஒரு ஒற்றர்

பாரிஸிலிருந்து ஊர் திரும்பும்போது மதார் சாகிப் மூன்று கைக்கடிகாரங்களும் இரண்டு சீசா செண்டும் ஒரு கதையும் கொண்டுவந்தார். கடிகாரத்தையும் செண்டையும் பெட்டியில் வைத்துப் பூட்டினார். கதையைப் பூட்டத் தெரியவில்லை. ஐம்பத்து மூன்றாம் வருஷம் காரைக்காலில் அந்தக் கதையைக் கேட்காமல் தப்பித்தவர்கள் குறைவு.

அவர் அங்கே ஒரு ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி வீட்டில் நாலு வருஷம் சமையல் வேலை பார்த்தார். அந்த வீட்டில் டெலிவிஷன் பெட்டி இருந்தது. ரேடியோவுக்குள்ளே சினிமா ஓடுவது மாதிரி என்று ஊராருக்கு விளக்குவார். வாராவாரம் அதில் ஒரு கதை வரும். ஒரு புருஷனும் பெண்சாதியும் ஒற்றர்கள். இந்த வாரம் கெய்ரோ, அடுத்த வாரம் இஸ்தான்புல், அதற்கடுத்த வாரம் ஹாங்காங். மதார் சாகிப் கையில் தட்டோடு சமையலறை வாசலில் நின்றபடியே அத்தனை தேசத்தையும் சுற்றினார். போகப்போக, தாமும் பாதி ஒற்றர்தான் என்ற எண்ணம் அவருக்கு வந்துவிட்டது. கறி தீய்ந்ததற்கு அதிகாரி திட்டியதெல்லாம் கதையில் வராது.

அவர் மனைவி ஆஸியா பீவி அந்தக் கதையில் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பாள்.

"அந்தம்மாவையும் கூட்டிட்டா போனாரு?"

"பின்னே? அவங்க இல்லாம அவரு படியிறங்க மாட்டாரு."

நாலு வருஷம் தனியாக இருந்தவள் அதை இன்னொரு தரம் சொல்லச் சொல்வாள். அவர் கதையின் சூட்சுமத்துக்குத் தாவிவிடுவார். "மாட்டிக்கிட்டா ஒருத்தர ஒருத்தர் தெரியாதுன்னுடுவாங்க. அப்பத்தான் ஒருத்தராவது வெளிய இருந்து மத்தவங்களக் காப்பாத்தலாம். மூளையப் பாத்தியா?"

அந்த வருஷம் நாகூரில் அவர் தங்கை சுல்தான் பீவியின் மகளுக்குக் கல்யாணம். காரைக்கால் பிரெஞ்சுக்காரன் கையில், நாகூர் இந்தியாவில். நடுவில் வாஞ்சூரில் சுங்கச் சாவடி. சீமைச் சாமானுக்குத் தீர்வை உண்டு. கட்டிவிட்டுக் கொண்டுபோக வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். கட்டினால் அதில் ஒற்று வேலை எங்கே இருக்கிறது?

கல்யாணத்துக்குக் கொடுக்க வைத்திருந்த கடிகாரங்களையும் ஒரு சீசா செண்டையும் துணியில் சுற்றி ஆஸியாவின் இடுப்பில் கட்டச் சொன்னார்.

"பயமா இருக்குதுங்க."

"துப்பட்டி போட்ட பொம்பளய எவன் தொடுவான்? நம்மளும் இப்பத்தான் வெளிநாடு போறோம், சிரிச்சுக்கிட்டே வா."

அவள் சிரித்தாள். பயமும் இருந்தது, அதைவிடச் சந்தோஷமும் இருந்தது. இந்தத் தடவை அவர் அவளைக் கூட்டிக்கொண்டு போகிறார்.

பஸ்ஸில் பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். திருமலைராயன்பட்டினம் தாண்டியதும் சாலை பல்லைக் காட்டியது. பஸ் தூக்கித் தூக்கிப் போட்டதில் சீசாவின் மூடி கழன்றுகொண்டது. பாரிஸ் செண்ட், கஞ்சத்தனம் இல்லாமல் பஸ் முழுக்கப் பரவியது. "எந்த ஊரு மாப்பிள்ளைப்பா நம்ம பஸ்ஸுல வர்றது?" என்று ஒருவர் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். மதார் சாகிப் மட்டும் ஜன்னல் வழியாக வயலைப் பார்த்தார். ஆஸியாவின் மடி நனைந்துகொண்டிருந்தது.

சாவடியில் ஏறிய அதிகாரிக்குத் தேடும் சிரமமே இருக்கவில்லை. நேராக அவளிடம் வந்து நின்றார்.

"கூட யாரும்மா வந்திருக்காங்க?"

அவள் திரும்பி, பின்னால் இருந்த புருஷனைக் கை நீட்டிக் காட்டினாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அதிகாரி பின்னால் வந்தார்.

"உங்க சம்சாரமா?"

"இல்லீங்க."

அதோடு நிறுத்தியிருக்கலாம். மனுஷன் நிறுத்தவில்லை. கடைசி சீட்டு வரை கேட்கும்படி, "இவங்க யாருன்னே எனக்குத் தெரியாதுங்க" என்றார். டெலிவிஷன் பெட்டிக்குள் வந்த புருஷன் சொல்வது போலவே முகத்தை அசைக்காமல்தான் சொன்னார்.

ஆஸியாவின் நீட்டிய கை அப்படியே கொஞ்சம் நின்று, பிறகு கீழே இறங்கியது. பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் எழுந்தாள். "வா தாயி, நான் வர்றேன்" என்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் இறங்கினார்கள். சாவடிக்குப் பின்னால் சோதனை செய்ய ஒரு பெண் இருந்தாள். கதவைச் சாத்தினார்கள். டிரைவர் கொஞ்சம் பொறுத்தார், பின் சீட்டை ஒரு தரம் பார்த்தார், ஹாரன் அடித்தார். மதார் சாகிப் இறங்கவில்லை. பஸ் அவரை நாகூருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

வெயில் உச்சிக்கு வந்தபோது ஆஸியா கல்யாண வீட்டுக்கு நடந்தே வந்தாள். சாமானைப் பறித்துக்கொண்டு, எச்சரித்து அனுப்பியிருந்தார்கள். வாசலில் தவித்துக்கொண்டிருந்த மதார் சாகிப் ஓடிவந்தார்.

"விட்டுடுவாங்கன்னு எனக்குத் தெரியும்! நானும் இறங்கியிருந்தா ரெண்டு பேரும்ல..."

அவள் துப்பட்டியை முகத்தின் மேல் இழுத்து மூடிக்கொண்டு, அவரைத் தாண்டி உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் தங்கை சுல்தான் பீவி திகைத்த முகத்தோடு அண்ணனிடம் வந்தாள்.

"நானா, ஆஸியா மச்சி உங்க முன்னாடி வரமாட்டேங்குது."

உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து ஆஸியாவின் குரல் வந்தது. அழுகை இல்லாத குரல். "பஸ்ஸு நெறைய ஆளுங்க முன்னாடி, பொண்டாட்டி இல்லேன்னு சொன்னாங்க. அப்படிச் சொன்னப்பறம் நிக்காஹ் இருக்குதா முறிஞ்சுதான்னு எனக்குத் தெரியலே. முறிஞ்சிருந்தா அவங்க அன்னிய ஆம்பள. பள்ளிவாசல் ஹஜரத்துகிட்ட கேட்டுட்டு வரச் சொல்லுங்க."

மதார் சாகிப் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இது கதையில் இல்லாத இடம். அந்த ஒற்றர் புருஷனும் பெண்சாதியும் கடைசியில் மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து சிரித்துக்கொண்டே சாப்பிடுவார்கள், படம் முடிந்துவிடும்.

பள்ளிவாசலில் ஹஜரத் பொறுமையாகக் கேட்டார்.

"தலாக் சொல்லணும்னு மனசுல நிய்யத்து இருந்துச்சா?"

"அல்லா மேல ஆணையா இல்லீங்க ஹஜரத்."

"அப்ப எந்த நிய்யத்துல சொன்னீங்க?"

மதார் சாகிப் பாரிஸிலிருந்து ஆரம்பித்தார். டெலிவிஷன், கெய்ரோ, ஒற்றர், ஒருவராவது வெளியே இருக்க வேண்டும் என்கிற சூட்சுமம். ஹஜரத் கையை உயர்த்தினார்.

"பெட்டியில இருக்கறவங்கள விடுங்க. நான் உங்க நிய்யத்தக் கேக்கறேன்."

மதார் சாகிப் தரையைப் பார்த்தபடி, "பயந்துட்டேங்க" என்றார். சொன்னதும் உடம்பு சிறுத்துப்போன மாதிரி இருந்தது. இத்தனை நேரம் தம்மிடமே அவர் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

"அப்ப நிக்காஹ் முறியலே. பொய் சொன்னதுக்கு அல்லாகிட்ட தவ்பா செஞ்சு மன்னிப்புக் கேளுங்க. மிச்சத்த அந்தப் புள்ளகிட்டதான் கேக்கணும்."

நிக்காஹ் முறியவில்லை என்பதையே பிடித்துக்கொண்டு வேகமாகத் திரும்பினார். வீட்டில் பெண்கள் கூடத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள், மாப்பிள்ளை வீட்டார் நாலைந்து பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். திரையருகே போய், "முறியலையாம்" என்றார் நல்ல சேதி கொண்டுவந்தவர் போல.

"எந்த நிய்யத்துல சொன்னீங்கன்னு ஹஜரத்து கேட்டாங்களா?" என்று திரைக்குள்ளிருந்து ஆஸியா கேட்டாள்.

"கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு முணுமுணுத்தார்.

"கேக்கலீங்க. பஸ்ஸுல கடைசி சீட்டு வரைக்கும் கேட்டுச்சே, அந்தக் கொரல்ல சொல்லுங்க."

மதார் சாகிப் தங்கையைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவருக்குக் காது வரை சுட்டது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்:

"இவ ஆஸியா பீவி. எம் பொண்டாட்டி. சாவடியில பயந்துக்கிட்டு, இவள யாருன்னே தெரியாதுன்னு சொல்லிட்டேன். இவள விட்டுட்டு நான் மட்டும் பஸ்ஸுல வந்துட்டேன்."

கூடத்தில் கத்திகள் நின்றுபோயின. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் தொண்டையைக் கனைத்துவிட்டு வெளியே எழுந்து போனார்.

திரை விலகியது. ஆஸியா முகம் திறந்து வந்து அவர் எதிரில் நின்றாள்.

"கதவச் சாத்திட்டு என் சேலய அவிழ்க்கச் சொன்னாங்க. எனக்குக் கை ஓடலே. அந்தப் பூக்காரம்மாதான் என் கையப் புடிச்சுக்கிட்டு, செவுத்தப் பாத்து நின்னாங்க. வெளிய வந்த பின்னாடிதான் பேரு கேட்டேன். தையல்நாயகியாம்."

அவள் அவ்வளவுதான் சொன்னாள். பிறகு கூடத்தில் போய் உட்கார்ந்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்தாள். மதார் சாகிப் நின்ற இடத்திலேயே நின்றார். அவளைப் பார்க்க இப்போது எந்தத் தடையும் இல்லை, அவரால்தான் நிமிர முடியவில்லை.