'நானு'க்கு மீசை உண்டா?

அந்தப் பதிப்பகத்தில் ப்ரூஃப் பார்க்கிறவளுக்குப் புள்ளியக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. விட்டுப்போன ஒரு புள்ளிகூட அவள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுத் தப்ப முடியாது. அப்பேர்ப்பட்டவளே இந்தத் தடவை ஏமாந்தாள். ஏமாற்றியது நம்ம தமிழேதான், வேறு யாரைக் குற்றம் சொல்ல!

வந்திருந்தது, துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய ஒருவரின் சுயசரிதை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டே இனிஷியல். உள்ளே பக்கத்துக்குப் பக்கம் நான், நான். கல்யாணம் ஒரே வரியில் நடந்து, அதே வரியில் முறிந்தும் போயிருந்தது. வந்தான் என்றால் ஆண், வந்தாள் என்றால் பெண். வந்தேன் என்றால்? அதற்கு மீசையும் கிடையாது, பின்னலும் கிடையாது. கிரேன் என்றதுமே புள்ளியக்கா தன் கைப்பட ஒரு மீசையை ஒட்டிவிட்டாள்.

மூன்றாம் அத்தியாயத்தில் இப்படி ஒரு இடம்: 'தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைப் பெரியவர்களிடம் விட்டுவிட்டு வேலைக்காக பஸ் ஏறினேன். ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன்.'

புள்ளியக்கா உருகிப் போனாள். "பாவம் சார், அந்த மனுஷன் திரும்பிப் பார்த்திருக்கார் பாருங்க! எந்த அப்பன் பார்ப்பான்?" என்று முதலாளியிடம் போய்ச் சொன்னாள்.

மறுநாள் போன் வந்தது. ப்ரூஃபைப் பார்க்க நேரில் வரலாமா என்று ஒரு பெண் குரல் கேட்டது. "நான்தாங்க அந்த கிரேன் கதையை எழுதினது."

தூக்கிவாரிப் போட்டது புள்ளியக்காவுக்கு. ஓடிப்போய் அந்தப் பக்கத்தை எடுத்தாள். ஓர் எழுத்து மாறவில்லை. ஆனால் இப்போது வயிறு எரிந்தது. பெத்தவளா இவ? ஒரே ஒரு தடவைதான் திரும்பிப் பார்த்தாளா? சே, நேத்து உருகினவ நான்தானே என்று வெட்கமாகவும் இருந்தது. இருந்தாலும் படிக்கிறவர்கள் இவளைக் கிழித்துத் தொங்கவிட்டுவிடுவார்களே! போகட்டும் என்று நல்ல மனசோடுதான் 'பஸ் ஏறினேன்' என்பதற்கு முன்னால் 'அழுதபடி' என்று ஒரு வார்த்தையைச் சேர்த்தாள்.

கிரேன்காரம்மா வந்தாள். நிதானமாகப் படித்துக்கொண்டே போனவளின் விரல் அங்கே நின்றது.

"இதை யார் போட்டது?"

"நான்தாங்க. முதல்ல எழுதினது ஆம்பளைன்னு நினைச்சுட்டேன். பெத்தவ அழாம போனான்னா ஊர் வாய் சும்மா இருக்குமா?"

"ஆம்பளைன்னு நினைச்சப்போ இந்த இடம் எப்படி இருந்துச்சு?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு."

கிரேன்காரம்மா கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. தணிந்த குரலில் சொன்னாள். "என் பொண்ணு இப்பத்தாங்க என்கூடப் பேச ஆரம்பிச்சிருக்கா. பொய் மட்டும் சொல்லாதேம்மான்னுட்டா. வேலை கிடைச்ச சந்தோஷத்துலதான் பஸ் ஏறினேன்னு அவகிட்ட உள்ளதைச் சொன்னேன். கொஞ்ச நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டிருந்தா. அப்புறம் அவளாவே வந்து பேசினா. இப்போ புத்தகத்துல அழுதேன்னு இருந்தா, என்னை எப்படி நம்புவா? அதோட என்னைத் தலைமுழுகிடுவா."

புள்ளியக்கா சிவப்புப் பேனாவை எடுத்து அந்த வார்த்தையை அடித்தாள். தன் கையெழுத்தையே தான் அடிப்பது அவளுக்கு இதுதான் முதல் தடவை.

ஆனால் ஆர்வம் விடுமா? ஒன்பதாம் அத்தியாயத்தைப் புரட்டினாள். "தப்பா எடுத்துக்காதீங்க. இங்க, 'கிரேன் உச்சியில் நல்ல காற்று. கண்ணில் தண்ணீர் வந்தது'ன்னு எழுதியிருக்கீங்க. முதல்ல படிச்சப்போ காத்துன்னு நினைச்சு விட்டுட்டேன். நிஜமாவே காத்துதானா?"

கிரேன்காரம்மா ப்ரூஃபை மூடிப் புள்ளியக்காவிடமே நீட்டினாள்.

"உங்களுக்குக் காத்துதான்," என்றாள். "என் பொண்ணு கேட்டா உள்ளதைச் சொல்லுவேன்."