ஒத்திவைக்கப்பட்ட இரவு

சூரியன் மறைவதை அரை மணி நேரம் தள்ளிவைப்பது என்று நகர்மன்றம் தீர்மானம் போட்டபோது எதிர்த்துக் கை தூக்கியவர் ஒரே ஒரு உறுப்பினர்தான். அவரும் அந்த யோசனை தன் வார்டிலிருந்து வரவில்லையே என்ற ஆத்திரத்தில் தூக்கினார். கடலை நம்பிப் பிழைத்த ஊர் அது. கடலில் கிடைப்பதை நம்பி அல்ல, கடலைப் பார்க்க வருகிறவர்களை நம்பி. வெளியூர்க்காரர்கள் மதியத்துக்கு மேல் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். பாறைமேல் உட்கார்ந்து சூரியன் கடலில் விழுவதைப் பார்ப்பார்கள். விழுந்த கையோடு மணலைத் தட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். இன்னும் கொஞ்ச நேரம் அது விழாமல் இருந்தால் ஒரு டீ குடிப்பார்கள், ரெண்டு சங்கு வாங்குவார்கள், யார் கண்டது, அறை எடுத்துத் தங்கினாலும் தங்குவார்கள் என்று ஓட்டல் முதலாளிகள் மனு கொடுத்திருந்தார்கள். அந்த நகராட்சியில் ஒரு விதி உண்டு: எந்தத் தீர்மானமும் சம்பந்தப்பட்ட இடத்தில் போய் வாய்விட்டுப் படித்தால்தான் செல்லும். தெருவிளக்கு என்றால் கம்பத்தடியில், சாக்கடை என்றால் சாக்கடை ஓரத்தில். ஆகவே நகராட்சி பியூன் மறுநாள் மாலை கணுக்கால் நனையத் தண்ணீரில் நின்று, சூரியனைப் பார்த்துத் தன் வெண்கலக் குரலில் தீர்மானத்தைப் படித்தார். வரி கட்டச் சொன்னால் ஒருவரும் கீழ்ப்படியாத ஊரில் சூரியன் மறுபேச்சு இல்லாமல் கீழ்ப்படிந்தது. அன்று எல்லா டீக்கடைகளிலும் பால் தீர்ந்துபோனது.

அப்போது தலைவராக இருந்தவருக்கு ஊர் வைத்திருந்த பெயர் பரிசீலனை. எதைக் கேட்டாலும் "பரிசீலனையில இருக்கு" என்பார். சூரியன் விஷயத்தில் மட்டும் அவர் எதையும் பரிசீலிக்கவில்லை. சீசனுக்குச் சீசன் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போனார். பகல் நீண்டால் அது எங்கிருந்தாவது எடுக்கப்பட்டாக வேண்டும் அல்லவா, ராத்திரியிலிருந்து எடுக்கப்பட்டது. ராத்திரிக்கு ஓட்டு கிடையாது, அதனால் யாரும் கேட்கவில்லை. தெருவிளக்குச் செலவு மிச்சமானது. சேவல்கள் குழம்பிப்போய்க் கூவுவதையே விட்டன. பிள்ளைகள் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கப் பழகினார்கள். திருடர்கள் பிழைப்பு தேடி வேறு ஊருக்குப் போனார்கள், தலைவர் அதைத் தன் சாதனைகளில் சேர்த்துக்கொண்டார். மீன் பிடித்தவர்கள் ஒவ்வொருவராக வலையை விற்றுவிட்டு, படகுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து, வெளியூர்க்காரர்களை ஏற்றிப் பாறையைச் சுற்றிக் காட்ட ஆரம்பித்தார்கள். ஒருவன் மட்டும் மாறவில்லை. கல்யாணமாகி ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பனாகியிருந்த வாலிபன். மனைவி பெரிய ஓட்டலின் சலவை அறையில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடிக்கிறவள். "மீனு இருட்டுலதான் மேல வரும். வெளிச்சத்துல வர்றது மனுஷங்கதான்" என்பான். மிச்சமிருந்த கையகல ராத்திரியில் அவசர அவசரமாகப் போய் வலை போட்டுவிட்டு வருவான்.

ஒரு நீண்ட விடுமுறையின்போது ஊரில் அறைகள் நிரம்பி, ஆட்கள் பஸ்ஸிலேயே தங்கினார்கள். மிச்ச ராத்திரியும் எதற்கு என்று கேள்வி வந்தது. இருட்டிய பிறகு அவசரக் கூட்டம் கூடியது, சீசன் முடியும்வரை இரவு ஒத்திவைக்கப்படுகிறது என்று தீர்மானமானது, உடனடியாக அமலுக்கு வருகிறது என்றும் எழுதினார்கள். வழக்கமாக மறுநாளிலிருந்து என்றுதான் எழுதுவார்கள். வலையை விற்காத அந்த வாலிபன் அப்போது கடலில் இருந்தான். பியூன் கரையில் நின்று படித்து முடித்ததும் இருட்டு பாயைச் சுருட்டினாற்போலச் சுருண்டுகொண்டது, மேற்கே முங்கியிருந்த சூரியன் ஈரம் காய்வதற்குள் கிழக்கே எழுந்தது. கடல் அடிவானம்வரை துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. படகு இல்லை. மஞ்சள் படகுகள் எல்லாம் போய்ப் பட்டப்பகலில் தேடின. ஒரு பலகை இல்லை, ஒரு மிதவை இல்லை. முழுகிவிட்டான் என்று நகராட்சி இறப்புச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தது. சலவை அறையில் வேலை பார்த்தவள் அதைத் திருப்பிக் கொண்டுபோய்த் தலைவர் மேஜையில் வைத்தாள். "அவரு முழுகலைங்க. ராத்திரிக்குள்ள இருக்காரு. நீங்க ராத்திரியை எடுத்தீங்க, அதோட அவரும் போயிட்டாரு. திருப்பிக் குடுங்க" என்றாள். பரிசீலனையில் இருப்பதாகத் தலைவர் சொன்னார்.

அவளுக்கு அது எப்படித் தெரிந்தது என்றால், ஊரில் இருட்டு அடியோடு தீர்ந்துவிடவில்லை. கட்டிலடியில், மூடிய பானைக்குள், அலமாரிகளில் கொஞ்சம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஓட்டலில் விரிப்புகள் அடுக்கும் பெரிய அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் துடுப்புச் சத்தம் கேட்டது. பிறகு அவன் இருமல். கொஞ்சம் பொறுத்துக் கேட்டால் அவன் தனக்குத்தானே பேசிக்கொள்வதும் கேட்டது: "இன்னும் விடியலையே." அவள் உள்ளிருந்து கத்திப் பார்த்தாள், அவனுக்குக் கேட்கவில்லை. தினமும் வேலை முடிந்ததும் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, அவன் வந்ததும் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துவிட்டு வருவாள். மேற்பார்வையாளருக்குத் தெரியும், தெரியாததுபோல இருந்துவிட்டார். மற்றவர்கள் அவளுக்கு ராத்திரியம்மா என்று பெயர் வைத்தார்கள். கேலியாக வைத்த பெயர்தான், நாளடைவில் அதுவே நிலைத்துவிட்டது.

சீசன் முடியட்டும் என்றார்கள். நாள் முடிந்தால்தானே சீசன் முடியும். மனு கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய் ராத்திரியம்மா தேர்தலில் நின்றாள். சலவை அறைக்காரிகள், சமையல்கட்டு ஆட்கள், பஸ் கழுவுகிறவர்கள் என்று வருஷக்கணக்காகச் சரியாகத் தூங்காதவர்கள் எல்லோரும் அவளுக்கு ஓட்டுக் குத்தினார்கள். மன்றத்தில் அவள் கொண்டுவந்த தீர்மானம் ஒவ்வொரு தடவையும் தோற்றது. தோற்கடித்தவர்கள் கெட்டவர்கள் அல்ல. பக்கத்து வீட்டுச் சங்குக் கடைக்காரரே எதிர்த்துக் கை தூக்கினார், கூட்டம் முடிந்ததும் வாசலில் காத்திருந்து சொன்னார்: "உன் பக்கம்தான்மா நியாயம். ஆனா என் வீட்டுலயும் நாலு வாய் இருக்கு." அவர் மூக்கைச் சிந்தியதைப் பார்த்து அவளே அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதாயிற்று. அவள் மகள் ராத்திரி என்ற ஒன்றைப் பார்க்காமலே வளர்ந்து, அதே ஓட்டலில் வரவேற்பு மேஜைக்கு வேலைக்குச் சேர்ந்தாள். இருட்டு என்றால் அவளுக்குப் பயம். அலமாரிப் பக்கமே போகமாட்டாள். அந்த வீட்டுப் பெண்களுக்கெல்லாம் அச்சில் வார்த்த ஒரே முகம். மகளைப் பார்க்கிறவர்கள் ராத்திரியம்மாவைச் சின்ன வயதில் பார்த்தது போலவே இருக்கிறது என்பார்கள்.

பரிசீலனை கண்மூடிய பிறகு மன்றத்தில் இருந்த இரண்டு கோஷ்டிகளும் அடித்துக்கொண்டு, கடைசியில் யாருக்கும் வேண்டாத ராத்திரியம்மாவைத் தலைவியாக்கின. அதற்குள் அவளுக்கு அரசியல் படிந்துவிட்டது. நியாயத்தைச் சொன்னால் எடுபடாது, வருமானத்தைச் சொன்னால் எடுபடும். வருஷத்துக்கு ஒரு ராத்திரி விடுவோம், நட்சத்திரம் பார்க்க டிக்கெட் போடுவோம் என்றாள். ஒருமனதாக நிறைவேறியது. புருஷனைக் காட்சிப்பொருளாக்கிவிட்டோமே என்று அன்று வீட்டுக்குப் போய் அழுதாள். முதல் வருஷம் நகராட்சி தன் புத்தியைக் காட்டியது: இருட்டைப் பார்க்க வருகிறவர்கள் தடுக்கி விழக்கூடாது என்று கடற்கரை முழுக்க டியூப்லைட் கட்டியது. ஓட்டல்கள் சீரியல் விளக்குப் போட்டன. ஆளாளுக்குச் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். ராத்திரி முழங்காலளவுக்கு வந்து நின்றுவிட்டது. தூரத்தில் துடுப்புச் சத்தம் மட்டும் வந்து வந்து போனது. மறுவருஷம் தலைவி ஒரு விளக்கு எரியக்கூடாது என்று உத்தரவு போட்டாள். மற்றவர்கள் அணைத்தார்கள், பெரிய ஓட்டல் மறுத்தது. அப்போது வரவேற்பு மேஜையில் இருந்த மகள் எழுந்துபோய் மெயின் சுவிட்சை இறக்கினாள். பிறகு சுவரைத் தடவிக்கொண்டே வெளியே வந்து, கரையில் அம்மா இருக்கும் இடத்துக்கு நடந்துபோனாள். அவள் வாழ்க்கையில் அத்தனை தூரம் இருட்டில் நடந்தது அதுதான் முதல் தடவை.

படகு வந்து மணலில் முட்டியது. போன அன்றைக்கு இருந்த அதே வயதில், அதே ஈரச் சட்டையோடு அவன் குதித்து இறங்கினான். நேராக மகளிடம் வந்தான். "தூங்காம இங்க என்ன பண்ற? பாப்பாவை யார்கிட்ட விட்டுட்டு வந்த?" பக்கத்தில் தலை நரைத்து நின்றவளை அப்போதுதான் பார்த்தான், கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். "அடடே அத்தை, நீங்க எப்ப வந்தீங்க? சொல்லியிருந்தா பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருப்பேனே." அலமாரிக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததையெல்லாம் ராத்திரியம்மா ஒதுக்கிவைத்தாள். "இப்பதான் வந்தேன், மாப்ள. பாப்பா தூங்குறா" என்றாள். அவன் துள்ளிக்கொண்டிருந்த இரண்டு மீன்களை மகள் கையில் கொடுத்தான். பாதி வலை தண்ணீரில் கிடக்கிறது, இழுத்துவிட்டு விடிவதற்குள் வந்துவிடுகிறேன், என்னமோ இன்றைக்கு ராத்திரி ரொம்ப நீளம் என்று சொல்லிக்கொண்டே படகைத் தள்ளினான்.

அவனைப் பிடித்து நிறுத்தாததற்கு ராத்திரியம்மா தன்னையே சபித்துக்கொண்டாள். ஆனால் ராத்திரி முடிகிறது என்று பியூன் படித்து வெளிச்சம் வந்ததும், மகள் கையிலிருந்த மீன்கள் இரண்டும் எலும்பாகி, எலும்பும் பொடியாகி விரலிடுக்கில் உதிர்ந்தன. தாயும் மகளும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதற்குப் பிறகு ராத்திரியைத் திருப்பிக் கொடு என்று அவள் யாரிடமும் கேட்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அவன் முதல் தடவை கரையேறுகிறவன்போலவே வந்தான். வருஷம் தவறாமல் கரையில் நின்றாள், வருஷம் தவறாமல் அத்தையாகவே இருந்தாள். "சொல்லிடேன்மா, நீதான்னு" என்று மகள் ஒரு தடவை கேட்டாள். "பரிசீலனையில இருக்கு" என்றாள் அவள். இரண்டு பேரும் சிரித்தார்கள், சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. "தெரியாத வரைக்கும் அவருக்கு இது ஒரே ஒரு ராத்திரிடி. சொல்லிட்டா இத்தனை வருஷமும் சேர்ந்து அவரு தலையில விழும். தனியா அங்க உட்கார்ந்துக்கிட்டு என்ன பண்ணுவாரு?"

ராத்திரியம்மா ஒரு பகலில் இறந்தாள். வேறு பொழுது அந்த ஊரில் இல்லை. அவள் போன பிறகும் வருடாந்திரக் கூட்டத்தில் தெருநாய்ப் பிரச்சினைக்கும் கட்டணக் கழிப்பறை ஏலத்துக்கும் நடுவில் அந்தத் தீர்மானம் வருகிறது, விவாதம் இல்லாமல் நிறைவேறுகிறது. வெளியூர்க்காரர்கள் பாறைமேல் உட்கார்ந்து நட்சத்திரம் பார்க்கிறார்கள். மகள் கரையில் போய் நிற்கிறாள். சில வருஷங்கள் அவன் அவளை மனைவியாகவே நினைத்து, ஏன் இப்படி மெலிந்துவிட்டாய் என்று கேட்டுவிட்டுப் போனான். போன வருஷம் படகிலிருந்து இறங்கி அவள் நரைத்த தலையைப் பார்த்ததும் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"அடடே அத்தை, நீங்க எப்ப வந்தீங்க?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். தன் மகன் வயதுகூட இருக்காது.

"இப்பதான் வந்தேன், மாப்ள."

"அவ எங்க?"

"உள்ள பாப்பாவோட தூங்குறா."

"எழுப்ப வேணாம் அத்தை. பகலெல்லாம் துணி மடிச்சு அலுத்துப் போயிருப்பா. நான் வலையை இழுத்துட்டு வந்துடுறேன்."

மீனைக் கொடுத்துவிட்டுப் படகைத் தள்ளினான். துடுப்புச் சத்தம் ஓயும்வரை அவள் நின்றாள். பிறகு, விடிவதற்குள் மீன்களைத் தண்ணீரில் விட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனாள்.