அத்தான் பார்த்துக் கொடுத்த ரேம்

எங்கள் குடும்பத்தில் மின்சாரத்தில் ஓடும் எதை வாங்குவதானாலும் என் அக்கா கணவரைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். நான் அவரை அத்தான் என்பேன். மற்றவர்களுக்கு அவர் எக்ஸ்பர்ட். எதில் எக்ஸ்பர்ட் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஒரு பொருளைத் திறந்து மூடியதும் அதன் தலையில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டுவார். பச்சை மையில் ‘பார்த்தாச்சு’ என்று எழுதி, கீழே தேதி போட்டிருப்பார். எங்கள் வாஷிங் மெஷின், அயர்ன் பாக்ஸ், சுவர்க் கடிகாரம் மூன்றிலும் அந்த ஸ்டிக்கர் உண்டு. மூன்றும் ஓடுவதில்லை. எனக்கு மாப்பிள்ளை பார்த்ததும் அவர்தான்.

நான் கட்டட வரைபடம் வரைகிறவள். குழந்தை பிறந்து ஏழு வருஷம் வீட்டோடு கிடந்தபின் ஒரு நிறுவனம் என்னைச் சீந்தியது. மூன்று மாடிக் கட்டடம் ஒன்றை வரைந்து, சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் முப்பரிமாணப் படமாக அனுப்பினால் நேர்காணல், தவறினால் அவ்வளவுதான். வரைந்துவிட்டேன். ஆனால் படத்தை உருவாக்கச் சொன்னால் கம்ப்யூட்டர் பாதியிலேயே உறைந்து நின்றது. எட்டு ஜிபி ரேமை, அந்தக் கொஞ்சூண்டு நினைவகத்தை, வைத்துக்கொண்டு அது மட்டும் என்ன செய்யும்?

மதர்போர்டின் கையேட்டைத் தேடி எடுத்துப் படித்தேன். டிடிஆர் நாலு ரக ரேம், பதினாறு ஜிபி, ஒரே ஜோடியாக இரண்டு என்று ஒரு சீட்டில் எழுதினேன். நானே கடைக்குப் போகிறேன் என்றதும் என் கணவர் முகம் சுருங்கிவிட்டது. அத்தான் இருக்கும்போது நான் போய் நின்றால் அவருக்கு என்ன மரியாதை என்றார். மரியாதைக்குக் குறை வரக்கூடாது என்று சீட்டைக் கொடுத்துத் தொலைத்தேன். சனிக்கிழமை காலை இருவரும் ஜோடி போட்டுக்கொண்டு கிளம்பினார்கள்.

பன்னிரண்டு மணிக்கு வந்து பெட்டியைப் பிரித்தார்கள். உள்ளே இரண்டு ரேம், மண்டையில் கலர் விளக்கோடு பளபளவென்று இருந்தன. நான் எழுதியது டிடிஆர் நாலு, இது அஞ்சாயிற்றே, நம் போர்டில் சேராதே என்றேன்.

“அஞ்சு நாலை விடப் பெரிசும்மா,” என்றார் அத்தான்.

ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். என் கணவர் தலையாட்டினார். அந்தத் தலைக்கு அது ஒன்றுதான் வேலை.

சிபியுவைத் திறந்து, பழைய ரேம்களைக் கழற்றி, புதியதை முதல் ஸ்லாட்டில் வைத்தார் அத்தான். இறங்கவில்லை. ரேமின் அடியில் உள்ள வெட்டும் ஸ்லாட்டில் உள்ள மேடும் பொருந்தவில்லை, அழுத்தாதீர்கள் என்று கெஞ்சினேன். புதுசு என்றால் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்குமாம். இரண்டு கட்டைவிரலையும் வைத்து, பல்லைக் கடித்து, ஒரு அமுக்கு அமுக்கினார். படக்கென்று ஒரு சத்தம். ஸ்லாட்டின் ஓரக் கிளிப் உடைந்து தரையில் விழுந்தது.

மதர்போர்டே மட்டம் என்று தீர்ப்புச் சொன்னார். மூடியைப் போட்டு, வழக்கம்போல ஸ்டிக்கரும் ஒட்டிவிட்டு, கையை அலம்பிக்கொண்டு சாப்பிடப் போனார். எனக்கு அழ நேரமில்லை. புதிய ரேமைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்கு ஓடினேன்.

கடைக்காரர் ரேமைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். கேட்காமலேயே சரியான ஜோடியை எடுத்து வைத்தார்.

“காலையிலயும் இதைத்தாம்மா எடுத்து வச்சேன். சீட்டுல தெளிவா இருந்துச்சே. பச்சைப் பேனா வச்சிருந்த பெரியவர்கூட, சீட்டுல இருக்கிறதையே குடுங்கன்னுதான் சொன்னார்.”

“அப்புறம் யார் மாத்தினது?”

அவர் பில் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “கூட வந்தவர்தான். ‘வீட்டுல சும்மா இருக்கிறவ எழுதினது, அவளுக்கு என்ன தெரியும், நீங்க பார்த்து எடுங்கண்ணா’ன்னார்.”

வழியெல்லாம் அந்த வரிதான் காதில் ஓடியது. அத்தானை இத்தனை வருஷமாக மனசுக்குள் கரித்துக்கொட்டியிருக்கிறேன். அவராவது சீட்டைப் படித்திருக்கிறார்.

வீட்டில் அத்தான் போய்விட்டிருந்தார். கணவர் சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தார். ப்ளக்கைப் பிடுங்கினேன். சிபியுவின் இரும்பைத் தொட்டு, கையிலிருக்கும் நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொண்டேன். கையேடு சொன்னபடி இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டுகளில் வெட்டுக்கு மேடு பார்த்து வைத்து, இரண்டு ஓரத்திலும் அழுத்தினேன். டக், டக் என்று கிளிப்புகள் தாமாகவே பூட்டிக்கொண்டன. ப்ளக்கைச் செருகிப் பட்டனைத் தட்டினால் திரை ஒரு நிமிஷம் இருட்டாகவே இருந்தது. உடைந்த கிளிப்போடு போர்டும் போய்விட்டதோ என்று உள்ளே குனிந்து பார்த்தேன். பிறகு வந்தது, முப்பத்திரண்டு ஜிபி.

ஐந்தே முக்காலுக்குப் படம் முடிந்தது. அனுப்பினேன். திங்கட்கிழமை பத்து மணிக்கு நேரில் வரச் சொல்லி ஆறு மணிக்கெல்லாம் பதில் வந்துவிட்டது.

கணவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து திரையைப் பார்த்தார். எல்லாம் சரியாகிவிட்டதே, அத்தானுக்கு ஒரு ஃபோன் போட்டு நன்றி சொல்லிவிடு என்றார்.

நான் சிபியுவின் மேலிருந்த ஸ்டிக்கரை ஓரத்தில் நகம் கொடுத்து, கிழியாமல் உரித்தேன். அவர் சட்டைப் பையின் மேல் வைத்து, நன்றாக அழுத்தி ஒட்டினேன்.

“அத்தான் பார்த்துக் குடுத்ததுல இது ஒண்ணுக்குத்தான் ஸ்டிக்கர் விட்டுப்போச்சு,” என்றேன். “கடைக்காரர் எல்லாத்தையும் சொன்னார்.”

அவர் குனிந்து, தலைகீழாகத் தெரிந்த பச்சை எழுத்தை மெதுவாகப் படித்தார். இந்த முறை தலையாட்டவில்லை.