முதல் வாய்க் களி

ஆனந்தராஜுக்கு முதல் வாயைப் பெண்டாட்டிக்கு ஊட்டாமல் சாப்பாடு இறங்காது. கல்யாணமான புதிதில் எல்லா ஆம்பிளைகளும் நாலு நாளைக்கு இப்படித்தான் ஆடுவார்கள், அப்புறம் தட்டை மடியில் வைத்துக்கொண்டு டிவியைப் பார்ப்பார்கள். இவன் வருஷம் நாலாகியும் விடவில்லை. ஓசூரில் கம்பெனிகளுக்குப் பின்னால் இருக்கும் லைன் வீட்டில், ஷிப்டுக்குப் போகுமுன் அவனே கேழ்வரகு மாவைக் கிண்டி, கையை ஈரமாக்கிக் களி உருட்டுவான். ஒரு துண்டு பிட்டு, கீரைக் குழம்பில் தோய்த்து, "ம், வாயத் திற" என்பான். களியை மெல்லக்கூடாது, விழுங்க வேண்டும். மாதேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவாள். பக்கத்து வீட்டுப் பார்வதி எட்டிப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுல கைக்குழந்தை இருக்குதுன்னு யாரும் சொல்லவே இல்லியே" என்று கேலி பண்ணுவாள். மாதேஸ்வரிக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். ஆனாலும் மறுநாள் வாயைத் திறக்கத்தான் செய்வாள்.

இப்போது அவள் மத்தூருக்குப் பக்கத்தில் அம்மா வீட்டில் இருக்கிறாள். தட்டில் அதே களி, அதே கீரை. அவளே பிட்டு அவளே விழுங்க வேண்டியிருக்கிறது. பாதித் தொண்டையிலேயே நின்றுகொள்கிறது.

நடந்தது இதுதான். தை மாதம் ஒரு காலையில், கம்பெனி பஸ்ஸுக்காக ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. யாரோ சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள். யாரோ கன்னடத்தில் தண்ணி தெளிக்கச் சொன்னார்கள். கண் விழித்தபோது ஒரு கால் செருப்பைக் காணோம். அதற்குத்தான் முதலில் அழுதாள், பைத்தியக்காரி. அடுத்த தடவை வலிப்பு வந்தது நாத்தனார் வளைகாப்பில், சொந்தக்காரர் அத்தனை பேர் கண்ணெதிரே.

மாமியார் ரங்கம்மா அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டாள். "இது இன்னிக்கு நேத்து வந்த சீக்கு இல்ல. சின்ன வயசுலருந்தே இருந்திருக்குது. மறைச்சு நம்ம தலையில கட்டிட்டாங்க."

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அந்தப் பேச்சு கிருஷ்ணகிரி தாண்டி, காவேரிப்பட்டினம் தாண்டிப் போனது. "குணமாவட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று அவளை அம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். இந்த 'அப்புறம் பாக்கலாம்' என்பதற்கு என்ன அர்த்தம் என்று பெண்ணைக் கட்டிக் கொடுத்த எவருக்கும் தெரியும்.

அம்மா பூவம்மாள் அவளைக் கிருஷ்ணகிரிக்குக் கூட்டிப்போனாள். ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் ஜெயப்ரியா பொறுமையான பெண். படத்தில் ஒரு சின்னப் பொட்டைக் காட்டினாள்.

"மூளையில ஒரு நீர்க்கட்டி இருக்கும்மா. உள்ள இருக்கிறது நாடாப்புழுவோட குஞ்சு. பன்னிக்கறியில வர்ற புழு."

பூவம்மாள் சண்டைக்கே போய்விட்டாள். "எம்பொண்ணு அந்தக் கறிய மோந்துகூடப் பாத்ததில்லீங்க."

"அவங்க சாப்பிட்டிருக்க வேண்டியதில்ல. சரியா வேகாத கறியச் சாப்பிட்டவங்க வயித்துல புழு வளரும். அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது, நல்லாத்தான் இருப்பாங்க. வெளிக்குப் போயிட்டு வந்து கையச் சோப்புப் போட்டுக் கழுவாம சமைச்சாங்கன்னா, பரிமாறினாங்கன்னா, அந்தப் புழுவோட முட்டை சாப்பாட்டோட அடுத்தவங்களுக்குள்ள போயிடும். அங்கருந்துதான் மூளைக்கு ஏறுது. மாத்திரையில குணமாகும், பயப்படாதீங்க. ஆனா வீட்டுல கூட இருக்கிறவங்க, சமைக்கிறவங்க எல்லாரும் மலம் டெஸ்ட் எடுக்கணும்."

மாதேஸ்வரி அன்றைக்கே புருஷனுக்குப் போன் போட்டாள். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று முன்னும் பின்னும் சொல்லிவிட்டு விஷயத்தைச் சொன்னாள். "சரி, எடுக்கிறேன்" என்றான். பின்னாலிருந்து, மகனுக்குத் துணையாக வந்திருந்த ரங்கம்மாவின் குரல் கேட்டது. "சீக்கு அவளுக்கு. டெஸ்ட்டு எம்புள்ளைக்கா? நல்லா இருக்குதே நியாயம்."

அதோடு அவன் வருவது நின்றுபோனது. அதுவரை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துகொண்டிருந்தவன். போன் மட்டும் வரும். "சாப்ட்டியா? மாத்திரை போட்டியா?" அவ்வளவுதான். "எப்பங்க என்னைக் கூட்டிட்டுப் போவீங்க" என்று கேட்டால், "அம்மாகிட்டப் பேசறேன்" என்பான். பேசினானோ இல்லையோ, போனை வைத்துவிடுவான்.

பங்குனி போய், சித்திரை போய், தோப்புகளில் மாங்காய் பறிக்க ஆரம்பித்தார்கள். மாதேஸ்வரியும் காய் பிரித்து அடுக்கப் போனாள். மெயின்ரோட்டில் பஸ் ஆரன் அடித்தால் கை நின்றுவிடும். அவள் வரும்போது அவனுடைய பழைய யூனிபாரம் சட்டை ஒன்றை யாருக்கும் தெரியாமல் பையில் வைத்து எடுத்து வந்திருந்தாள். மிஷின் ஆயிலும் வியர்வையும் கலந்த வாசம். தினம் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொள்வாள். ஒருநாள் பூவம்மாள், அழுக்காக இருக்கிறதே என்று அதைத் துவைத்துப் போட்டுவிட்டாள். கொடியில் காயும் சட்டையைப் பார்த்து மாதேஸ்வரி போட்ட சண்டையில் தெருவே திரும்பிப் பார்த்தது. ஒரு சட்டையைத் துவைத்ததற்கா இவ்வளவு என்று பூவம்மாளுக்குப் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. அன்றைக்கு இரண்டு பேருமே சாப்பிடவில்லை.

ஆனியில் மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி வற்றிவிட்டது, வலிப்பு மாத்திரையை மட்டும் இன்னும் கொஞ்ச காலம் விடாமல் போடவேண்டும் என்றாள் டாக்டர். சந்தோஷமான சேதிதான். அதைச் சொல்ல வேண்டிய ஆள் பக்கத்தில் இல்லாததால் மாதேஸ்வரிக்கு அழுகை வந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே வந்தால், வேப்பமரத்தடியில் ஆனந்தராஜ் நிற்கிறான். கன்னம் ஒட்டி, கையில் ஒரு டிபன் பையோடு. இன்றைக்கு ஸ்கேன் என்று போனில் சொன்னதை ஞாபகம் வைத்திருக்கிறான்.

பூவம்மாள் மருமகனை மேலும் கீழும் பார்த்தாள். மாத்திரை வாங்கும் வரிசைக்குப் போனாள்.

மரத்தடித் திட்டில் அவள் உட்கார, அவன் தள்ளி உட்கார்ந்தான். நடுவில் இன்னொரு ஆள் உட்காரலாம்.

"கிட்டத்தான் வாங்களேன்."

"இரு. சொல்லிடறேன்." தரையைப் பார்த்தான். "டெஸ்ட் எடுத்தேன். புழு எனக்குத்தான் இருந்துது."

மாதேஸ்வரி கையிலிருந்த ஸ்கேன் கவரை மடியில் வைத்தாள்.

"கல்யாணத்துக்கு அப்புறம் முனீஸ்வரனுக்குப் பன்னி குத்தினோமே, ஞாபகம் இருக்குதா? அது நீ எனக்கு அமையணும்னு நான் வேண்டிக்கிட்டது. சாமி கறிய எல்லை தாண்டி வீட்டுக்குக் கொண்டு போகக்கூடாது, அங்கயே தின்னு தீத்துடணும். மழை கட்டிக்கிட்டு நின்னுது. கறி சரியா வேகல. வேண்டுதல்காரன்னு எனக்குத்தான் பெரிய பங்கு. கறிக்குள்ள ஜவ்வரிசி மாதிரி வெள்ளை வெள்ளையா இருந்துது. கொழுப்புன்னு தின்னுட்டேன்."

அந்தக் கோயிலுக்குப் பெண்கள் போவதில்லை. அவள் அன்றைக்கு வீட்டில் அவனுக்காகக் காத்திருந்தாள். அவளுக்காக வேண்டிக்கொண்டானாம். மனசு கொஞ்சம் இளகத்தான் செய்தது. இளகின கையோடு கேட்டாள்.

"எப்பத் தெரிஞ்சுது?"

"நீ போன் பண்ணின அதே வாரம். ஒரு மாத்திரதான் குடுத்தாங்க. அப்புறம் மறுபடியும் பாத்துட்டு, ஒண்ணும் இல்லன்னுட்டாங்க."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். ஒரு மாத்திரையில் அவன் சுத்தமாகிவிட்டான். வலிப்புக்காரி என்ற பேரை இத்தனை மாசமும் சுமந்தவள் இவள்.

"உங்கம்மா என்ன பேசினாங்கன்னு உங்களுக்குத் தெரியும்தான? எங்க வீட்டுல மறைச்சுக் கட்டிட்டாங்கன்னு. கேட்டுக்கிட்டுச் சும்மாதான இருந்தீங்க?"

"எப்படிச் சொல்றது மாதேசு. ஆசையா ஊட்டினது. அதே கையாலதான் உனக்கு…" கையை டிபன் பைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். "உம்மூஞ்சில முழிக்கவே பயமா இருந்துது."

"உங்களுக்குப் பயம். எனக்கு?" அவள் குரல் உயரவில்லை. "வாரா வாரம் பஸ்ஸப் பாத்துக்கிட்டுக் கிடந்தேன். நான் உங்களுக்கு வேணாம்னு ஆயிடுச்சுன்னு நினைச்சேன். இப்ப உங்கம்மாவுக்குப் போன் போடுங்க. இங்கயே சொல்லுங்க. அப்புறம்தான் நான் ஓசூர் வர்றது."

அவன் போனை எடுத்தான். ஸ்பீக்கரில் போட்டான்.

"அம்மா, புழு எனக்குத்தான் இருந்துது. என் கையாலதான் அவளுக்குப் போச்சு. அவங்க வீட்டுல எதையும் மறைக்கல. நான்தான் உங்ககிட்ட மறைச்சேன்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ரங்கம்மாவுக்கு வாய் அடைத்துப்போய் யாரும் பார்த்ததில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று அவன் போனைத் திருப்பிப் பார்த்தான். அப்புறம் மெல்ல ஒரு குரல் வந்தது.

"அவ சாப்ட்டாளா, கேளு."

போன் வைக்கப்பட்டது. மாதேஸ்வரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டிபன் பையைத் தன் பக்கம் இழுத்தாள். களியும் கீரையும். கூடவே ஒரு ஸ்பூன். இந்த ஜில்லாவிலேயே களிக்கு ஸ்பூன் கொண்டுவந்த முதல் ஆள் இவனாகத்தான் இருப்பான்.

"இது எதுக்கு?"

"நீயே சாப்பிடு."

அவள் ஸ்பூனைப் பைக்குள் போட்டாள். எழுந்து, அவன் மணிக்கட்டைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். தன் பையிலிருந்த சோப்பை எடுத்து அவன் கையை விரல் விரலாகத் தேய்த்தாள். தேய்க்கும்போதுதான் பார்த்தாள். நகங்களைச் சதை தெரிய ஒட்ட வெட்டியிருந்தான். உள்ளங்கை வெளுத்து, விரலிடுக்கெல்லாம் வெடித்து, சில இடத்தில் ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது. மிஷின் வேலையில் இப்படி ஆகாது. கழுவிக் கழுவித்தான் ஆகும்.

"எரியுதா?"

"இல்ல" என்றான். கண் நிறைந்திருந்தது.

தண்ணீர் விட்டு அலசி, சுத்தமான கைக்குட்டையில் ஒற்றி எடுத்தாள். திட்டுக்கு வந்து, இந்தத் தடவை ஒட்டி உட்கார்ந்தாள். அவன் ஒரு துண்டு பிட்டான், குழம்பில் தோய்த்தான். தூக்கின கை பாதியில் நின்றது. மாத்திரைக் கவரோடு திரும்பி வந்த பூவம்மாள் தூரத்திலேயே நின்றுவிட்டாள். "ம், வாயத் திற" என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை.

மாதேஸ்வரி தானாகவே வாயைத் திறந்துகொண்டு, அந்தக் கை வந்து சேரும்வரை அப்படியே இருந்தாள்.