நடுச்சுவர்

ரோஸ்விதா குபியாக்கின் அடுப்பில் உருளைக்கிழங்கு அடை ஒருநாளும் சீராக வெந்ததில்லை. எண்ணெய் வாணலியின் பின்பக்கம் ஓடிவிடும். அங்கே அடை கருகும், முன்பக்கம் வெளுத்துக் கிடக்கும். அவள் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த காலத்திலிருந்தே அப்படித்தான். எண்ணூறு மீட்டர் ஆழத்தில் கரோலின் சுரங்கத்துக்காரர்கள் நிலக்கரியை எடுத்துக்கொண்டு போக, வெற்றிடத்தில் பாறை உட்கார்ந்தது. பாறையோடு மண் உட்கார்ந்தது, மண்ணோடு தெருவே கால்வாய்ப் பக்கம் சாய்ந்தது. ஜனங்கள் கட்டில் கால்களுக்குக் கட்டை வைத்தார்கள், கதவுகளை இழைத்து மாட்டினார்கள். சம்பளம் கொடுத்தது அதே சுரங்கம்தான் என்பதால் யாரும் பெரிதாக முனகவில்லை.

சுரங்கம் மூடிப் பல வருஷமாகிவிட்டது. ஆனால் இறங்கிய மண் இறங்கியதுதான். ஊரின் சில பகுதிகள் ஆற்றைவிடத் தாழ்ந்து கிண்ணம் போல ஆகிவிட்டன. பெய்கிற மழை தானாக வெளியே போகாது, பம்பு வைத்துத் தூக்கித்தான் ஆற்றில் விட வேண்டும். பம்புகளை நிறுத்தினால் சில மாதங்களில் சந்தைத் தெருவில் படகு விடலாம். அது ஓயவே ஓயாத வேலை. அந்தச் செலவுக்கென்றே ஒரு அறக்கட்டளை இருந்தது. சுரங்கக் கம்பெனி விட்டுப்போன சொத்தை முதலீடு செய்து, வருகிற வருமானத்தில் பம்புகளை ஓட்டும், விரிசல் விட்ட சுவர்களைப் பூசும், சாய்ந்த வீடுகளை நிமிர்த்தும். இருபத்தாறு வருஷமாக அப்படியொரு பம்பு நிலையத்தில்தான் ரோஸ்விதா வேலை பார்த்தாள்.

அவள் வீட்டையும் நிமிர்த்தித் தர அறக்கட்டளை சம்மதித்துவிட்டது. தாள் வந்து ஐந்து வாரமாகிறது. நிமிர்த்துகிற விதத்தை அவள் வேறு தெருக்களில் நின்று பார்த்திருக்கிறாள். நிலவறைச் சுவரில் வரிசையாகப் பொந்துகள் வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு எண்ணெய் ஜாக்கியைச் செருகுவார்கள். சுவரைச் சுற்றிக் கிடையாக அறுப்பார்கள். பிறகு எல்லா ஜாக்கிகளையும் ஒரே பெட்டியிலிருந்து இயக்க, அறுத்த கோட்டுக்கு மேலே வீடு நோகாமல் எழும்பும். தாழ்ந்த பக்கம் அதிகம், உயர்ந்த பக்கம் குறைவு. அலமாரியிலிருந்து கண்ணாடிக் குவளைகளை எடுத்துவைக்கக்கூட வேண்டாம்.

ஒரே ஒரு சிக்கல். அது இரட்டை வீடு. நடுவில் ஒரு சுவர், மேலே ஒரே கூரை. இடப்பாதி அவளுடையது. வலப்பாதி ஏகோன் லிப்காவுடையது. இரண்டு பாதியையும் சேர்த்துத்தான் தூக்க முடியும், ஆகவே இரண்டு கையெழுத்தும் வேண்டும்.

லிப்கா சுரங்கத்தில் மேற்பார்வையாளராக இருந்தவர். ஒரு காலத்தில் ரோஸ்விதாவும் அவரும் நீ, வா, போ என்றுதான் பேசிக்கொண்டார்கள். பத்து வருஷத்துக்கு முன்பு அவர் தோட்டத்தில் மண்ணைக் குவித்துப் பாத்திகளை இடுப்பு உயரத்துக்கு ஏற்றினார். அடுத்த மழையில் சேறு முழுக்க ரோஸ்விதாவின் முற்றத்துக்கு வந்தது. "சுரங்கத்துக் குப்பைமேடு பத்தாதுன்னு வீட்டுலயும் ஒண்ணு கட்டறியா?" என்று அவள் கேட்டாள். அவர் பதிலுக்கு ஏதோ சொன்னார். அன்றிலிருந்து இருவரும் 'நீங்க'வுக்கும், பெயருக்கு முன்னால் 'ஹெர்', 'ஃபிராவ்' என்கிற ஐயா-அம்மா மரியாதைக்கும் மாறிவிட்டார்கள்.

வேலியோரம் நின்று அவள் மூன்றாவது முறையாகக் கேட்டாள்.

"தாளைப் படிச்சீங்களா, ஹெர் லிப்கா?"

"படிச்சேன்."

"கையெழுத்து?"

"என் வீடு எனக்கு நேராத்தான் இருக்கு. உங்க கழுத்து சாய்ஞ்சிருந்தா டாக்டர்கிட்ட போங்க."

"போன வாரம் உங்க முன்கதவு அடைக்க வரலைன்னு தோளால முட்டிட்டு இருந்தீங்களே, அது என்ன, உடற்பயிற்சியா?"

"என் கதவு, என் தோளு. உங்களுக்கு என்ன போச்சு?"

அவர் உள்ளே போய்விட்டார். கதவு மூன்றாவது இடியில் அடைந்தது.

அறக்கட்டளையின் பொறியாளர் நெர்மின் அக்சோய் அடுத்த நாள் பழைய அளவைப் பதிவேட்டின் நகலைக் கொண்டுவந்தாள். முப்பது வயது இருக்கும். அவளுடைய தாத்தா கரோலினில் துளை போடுகிறவராக இருந்தவர். சுரங்கம் ஓடிய காலத்தில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வீட்டின் மூலைகளை அளந்து எழுதிவைத்திருந்தார்கள். கடைசிக் கணக்கில் ஒரு மீட்டர் நீளத்துக்குப் பதினேழு மில்லிமீட்டர் சாய்வு, கால்வாயை நோக்கி. பதினைந்தைத் தாண்டினால் அறக்கட்டளை நிமிர்த்தித் தரும்.

"இது போதும், ஃபிராவ் குபியாக். ஆனா ஒரு விஷயம் எனக்குப் புரியல. நான் இந்த மாசம் அளந்தப்ப கால்வாய்ப் பக்கம் அதே பதினேழுதான். கூடவே வலப்பக்கம் ஒரு ஒன்பது வருது. பழைய ஏட்டுல அது இல்லவே இல்ல."

"சுரங்கம் மூடினதுக்கு அப்புறமா?"

"நிலம் நாலஞ்சு வருஷத்துல உட்கார்ந்து முடிச்சிடும். இது அதுக்கப்புறம் வந்தது."

நெர்மின் போனபின் ரோஸ்விதா அடுப்பில் வாணலியை வைத்து எண்ணெய் ஊற்றிப் பார்த்தாள். அது பின்பக்கம் போனது, பிறகு வலப்பக்கமாக நகர்ந்து மூலையில் நின்றது. முன்பெல்லாம் மூலைக்குப் போகாது. தன் கண்முன்னே நடந்ததைக் கவனிக்காமல் இருந்திருக்கிறோமே என்று எரிச்சல் வந்தது.

வலப்பக்கம் லிப்காவின் பாதி. அங்கே எது மண்ணை இழுக்கிறது? அவள் வெளியே வந்து வேலியோரமாக நடந்தாள். லிப்காவின் சுவரிலிருந்து ஒரு ரப்பர் குழாய் தெருச் சாக்கடைத் துளைக்குப் போயிற்று. மழை பெய்து பத்து நாளாகிறது, குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. துளையின் கம்பிகள்மேல் சாம்பல் நிற மண் மாவுபோலப் படிந்திருந்தது. அவள் அதை விரலால் தொட்டுத் தேய்த்தாள். பம்பு நிலையத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவள் முதல் நாளே சொல்கிற விஷயம் இது. பம்பு தெளிந்த தண்ணீரை இறைத்தால் கவலையில்லை. நுண்மணலோடு இறைத்தால் அது நிலத்தையும் சேர்த்து உறிஞ்சுகிறது என்று அர்த்தம். கரண்டி கரண்டியாக, வருஷக்கணக்கில். மேலே நிற்கிறது அந்தப் பக்கமாக உட்காரும்.

லிப்காவின் கதவை அவள் உள்ளங்கையால் தட்டினாள்.

"உங்க நிலவறையைக் காட்டுங்க."

"எதுக்கு?"

"காட்டறீங்களா, நகராட்சிய கூப்பிடட்டுமா?"

அவர் வழிவிட்டார். அவர் முகத்தில் பயத்தோடு வேறொன்றும் இருந்தது. பத்து வருஷமாக யாருக்கும் காட்ட முடியாத ஒன்றைக் காட்டப்போகிறவரின் முகம்.

நிலவறையில் ஊறுகாய்ப் புட்டிகள் அடுக்கிய அலமாரியை அவர் நகர்த்தினார். பின்னால் ஒரு வாய். உள்ளே படிகள், படிகளுக்குக் கீழே ஒரு சுரங்கப்பாதை. ஆள் நிமிர்ந்து நடக்கலாம். ஒரு மீட்டருக்கு ஒன்றாக மரச் சட்டங்கள், இரண்டு கால்களும் மேலே ஒரு உத்தரமும். கால்கள் கீழே சற்று விரிந்து, உத்தரம் காலின்மேல் துல்லியமாக வெட்டி உட்கார்ந்து, சட்டங்களுக்கிடையே பலகைகள். எண்ணூறு மீட்டர் ஆழத்தில் எப்படிச் செய்வார்களோ அப்படியே. படிகளின் அடியில் ஒரு குழியும், குழிக்குள் பம்பும். ரோஸ்விதா சட்டங்களை எண்ணியபடி நடந்தாள். ஏழாவதில் நின்று தலைக்கு மேலே பார்த்தாள்.

"இது என் சமையலறை."

"ஓரம்தான்."

"என் சமையலறைக்குக் கீழ குழி தோண்டியிருக்கீங்க! அந்தப் பாத்தி மண்ணெல்லாம் இங்கேருந்துதானா!"

"குழியா? பாதைன்னு சொல்லுங்க. ஒரு சட்டம் அசைஞ்சிருக்கான்னு பாருங்க. நாப்பத்தொம்பது வயசுல ஓய்வுன்னு சொல்லி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. நான் என்ன பண்ணட்டும், மத்தவங்க மாதிரி புறா வளத்து முட்டைய அடைகாக்கறதா?"

"பண்ணியிருக்கலாமே! புறா என் வீட்டச் சாய்க்காது. பம்பு என்னிக்கு வச்சீங்க?"

"தண்ணி ஊற ஆரம்பிச்சப்ப. நிறுத்தினா ரெண்டு நாள்ல முட்டிவரைக்கும் வந்துடும். அதனாலதான் பொண்ணு வீட்டுக்குக்கூடப் போறதில்ல."

"அந்தப் பம்பு மண்ணத் தின்னுட்டு இருக்கு. வடிகட்டி எங்க? சுத்தி ஜல்லி எங்க? ஒண்ணுமே இல்லாம வெறும் மண்ணுல இறக்கி வச்சிருக்கீங்க. பாறைய தாங்கத் தெரிஞ்சவருக்குத் தண்ணியப் பத்தி ஒரு மண்ணும் தெரியல."

இதுவரை இருந்த பெருமை லிப்காவின் முகத்திலிருந்து வடிந்தது. கரோலினில் தண்ணீருக்குத் தனி ஆட்கள் இருந்தார்கள். அவர் பாறையைத் தாங்கியவர், அவ்வளவுதான்.

"சரி," என்றார். "ஒரு பேச்சு பேசுவோம். நான் கையெழுத்துப் போடறேன். நீங்க வாயத் திறக்காதீங்க. உங்க வீடும் நிமிரும், என் வீடும் நிமிரும்."

அவள் மேலே ஏறி வந்துவிட்டாள். அன்று பம்பு நிலையத்தில் ரொட்டியைப் பிரித்து வைத்துவிட்டுச் சாப்பிடாமல் யோசித்தாள். ஐந்து வாரமாகக் கேட்ட கையெழுத்து கைக்கு வந்துவிட்டது. வாயைத் திறந்தால் அறக்கட்டளை விலகிவிடலாம், சாய்வு நிலக்கரியால் வந்ததல்ல என்று சொல்லிவிடலாம். அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. நேரான தரையில் ஒருநாளாவது நடக்க வேண்டும் என்பதைத் தவிர அந்த வீட்டிடம் அவள் வேறு எதுவும் கேட்டதில்லை. கேட்கிறவர் லிப்கா என்பதற்காகவே மறுத்துவிடலாம் என்றும் தோன்றியது. அது சரியான காரணமில்லை என்றும் தெரிந்தது.

பையிலிருந்து ஜாக்கிகளின் வரைபடத்தை எடுத்தாள். இப்போது வீட்டின் பாரம் சுவர் நீளத்துக்கும் பரவி மண்ணில் இறங்குகிறது. அறுத்துத் தூக்கியபின் அப்படி இல்லை. மொத்த வீடும் ஜாக்கிகள்மேல் மட்டும் நிற்கும். ஒவ்வொரு ஜாக்கியின் அடியிலும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு இடத்தில் பல டன் அழுத்தும். நடுச்சுவரில் ஆறாம் எண் ஜாக்கி. அவள் விரலால் அளந்து பார்த்தாள். ஆறாம் எண் லிப்காவின் பாதைக்கு நேர் மேலே இருந்தது. தூக்கும்போது பக்கத்தில் இரண்டு பேர் மண்டியிட்டு அளவு பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ரோஸ்விதாவின் சமையலறை மேஜையில் மூவரும் உட்கார்ந்தார்கள். லிப்கா சட்டைக்கு இஸ்திரி போட்டு வந்திருந்தார். நெர்மினைப் பார்த்ததும் சுரங்கத்துக்காரர்களின் வணக்கத்தைச் சொன்னார், "க்ளூக்ஆஃப்!"

"க்ளூக்ஆஃப்," என்றாள் நெர்மினும். "கையெழுத்துக்கு முன்னாடி கொஞ்சம் கேள்வி இருக்கு. ஏழாவது: மனையில யாராவது தோண்டியிருக்காங்களா?"

"இல்ல," என்றார் லிப்கா.

"ஃபிராவ் குபியாக்?"

"தோண்டியிருக்கு. இவர் நிலவறையிலேருந்து நீங்க உட்கார்ந்திருக்கிற நாற்காலி வரைக்கும். உங்க ஆறாம் நம்பர் ஜாக்கி ஓட்டைமேல நிக்கப் போகுது."

லிப்கா எழுந்ததில் நாற்காலி சாய்ந்து விழுந்தது.

"புத்தி கெட்ட பொம்பள! உன் வீட்டையும் சேர்த்துப் புதைச்சுட்டியே!"

"இப்பத்தான் 'நீ' ஞாபகம் வருதா?"

"என் சட்டம் தாங்கும்! எண்ணூறு மீட்டர் பாறைய தாங்கினவன் நான்!"

"அங்க உன் தலை மட்டும் கீழ இருந்தது," என்றாள் ரோஸ்விதா. "இங்க அடுத்தவன் தலை இருக்கு."

நெர்மின் பேனாவை மூடி வைத்தாள். "ஹெர் லிப்கா, போய்ப் பார்க்கலாமா?"

அவள் மேலே வந்தபோது தலைமுடியில் மண் இருந்தது. "ஹெர் லிப்கா, இந்த வேலைய என் தாத்தா பார்த்திருந்தா உங்களுக்கு ஒரு பாட்டில் வாங்கிக் கொடுத்திருப்பார்," என்றாள். "நான் வீட்டக் காலி பண்ணச் சொல்றேன். ரெண்டு பேரும்."

பத்து நாள் ரோஸ்விதா தன் தங்கை வீட்டுச் சோபாவில் படுத்தாள். லிப்கா மகள் வீட்டுக்குப் போனார். பதினொன்றாம் நாள் லாரி வந்தது. தண்ணீர்போல ஓடி எல்லா மூலைக்கும் போய் இறுகுகிற கான்கிரீட்டைக் குழாய் வழியாகப் பாதைக்குள் விட்டார்கள். அந்தச் செலவு லிப்காவின் தலையில் விழுந்தது. அவர் நடைபாதையில் நின்று ஒவ்வொரு சட்டமாக மூழ்குவதை மனக்கண்ணில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உதடு அசைந்துகொண்டே இருந்தது. ரோஸ்விதாவுக்குக் கொஞ்சம் பாவமாக இருந்தது. அவர் திரும்பி, "திருப்தியா?" என்று பல்லைக் கடித்ததும் அதுவும் போய்விட்டது.

நெர்மின் புதுத் தாள்களோடு வந்தாள். வண்டியின் முன்மூடிமேல் விரித்தாள்.

"வலப்பக்க ஒன்பது மில்லிமீட்டர் எங்க பொறுப்பில்ல. ஹெர் லிப்காவோட பாதிய நாங்க தூக்க மாட்டோம், பொய்ப் பதில் சொன்னதால. ஆனா ஃபிராவ் குபியாக், உங்க பதினேழு நிலக்கரியோடதுதான். ஏடு இருக்கு. உங்க பாதிய மட்டும் தூக்கலாம். ஒரே ஒரு வழி, நடுச்சுவரப் பிளக்கணும். வைரக் கம்பி வச்சு மேலேருந்து கீழ வரைக்கும் அறுப்போம். இந்தப் பக்கம் புதுசா ஒரு சுவர், அந்தப் பக்கம் ஒரு சுவர். அப்புறம் அது ரெண்டு வீடு."

"கூரை?" என்றார் லிப்கா.

"கூரையும்தான்."

"அப்போ அவ வீடு மேல போகும், என்னோடது கீழயே நிக்குமா? தெருவே சிரிக்கும்!"

"சிரிக்கட்டும்," என்றாள் ரோஸ்விதா. "அது உங்க பாதி."

"நான் சம்மதிக்கலைன்னா?"

"சம்மதிக்க வேணாம். அந்த ஒன்பது மில்லிமீட்டருக்கு நான் உங்கமேல வழக்குப் போடறேன். நீதிபதிகிட்ட உங்க சட்டத்தப் பத்தி விளக்கிச் சொல்லுங்க."

லிப்கா பேனாவை வாங்கினார். சுரங்க அறிக்கைகள் எழுதிப் பழகிய, கோடு போட்டதுபோன்ற நேரான எழுத்தில் கையெழுத்திட்டார். தாளை அவள் பக்கம் தள்ளாமல் வண்டிமேலேயே விட்டுவிட்டு நகர்ந்தார். ரோஸ்விதா எட்டி எடுத்து அதன் கீழே தன் பெயரை எழுதினாள்.

"அறுக்க நாலு நாள் ஆகும்," என்றாள் நெர்மின். "சொல்லிடறேன், தூசி ரொம்ப வரும்."

"எந்தப் பக்கம் அதிகமா வரும்?" என்று லிப்காவின் பாதியைப் பார்த்தபடி கேட்டாள் ரோஸ்விதா.